சனிக்கிழமை பயிற்சி, திங்கட்கிழமை கணக்கு வகுப்பு

12.09.2025 – கேள்வி

"பி.எட். கணிதம், இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு வருஷமாக இருந்த படிப்பை 2015இல் இரண்டு வருஷமாக்கினார்கள். வேலைக்குப் போன பிறகும் பணியிடைப் பயிற்சி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையம், ஆன்லைன் பயிற்சி என்று ஓயாமல் இருக்கிறதாம். இத்தனையும் சேர்ந்து ஒரு கணக்கு வகுப்பையாவது மாற்றியிருக்கிறதா? நான் கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் 25 வருஷம் சர்வீஸ் ஆனவரும் போன வருஷம் சேர்ந்தவரும் ஒரே மாதிரிதான் நடத்தினார்கள். போர்டில் எடுத்துக்காட்டுக் கணக்கு, நோட்டில் பயிற்சிக் கணக்கு, மணி அடித்தால் வீட்டுப்பாடம். பயிற்சி எதையும் மாற்றுவதில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்."

13.09.2025, இரவு

நான் மறுக்கப் போவதில்லை. டெல்டா பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 21 வருஷமாக 6, 7, 8ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பயிற்சிகளில் கொடுத்த கையேடுகள் வீட்டுப் பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. கையெழுத்துப் போட்டது, டீ குடித்தது, சார்ட் ஒட்டியது, குழுப் போட்டோ எடுத்தது எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணக்குதான் ஞாபகம் இல்லை.

பி.எட். பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டே, இப்போதும் இருக்கும். சக மாணவர்களையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். எனக்கு வந்தது "வலுவூட்டும் திறன்", அதாவது விடை சொன்ன பிள்ளையைப் பாராட்டுவது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற ஒருவர் எழுந்து, கைகட்டி, "முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி, ஐயா" என்றார். நான் "மிக நன்று" என்றேன். விரிவுரையாளர் தாளில் ஒரு டிக். செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வந்த அன்றைக்குத் தெர்மாக்கோலில் ஒரு வட்டம், ரெக்கார்டுக்குப் பழுப்பு அட்டை, மார்க் வந்துவிட்டது.

14.09.2025

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிண்டல் சரி, ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வருஷம் முழுக்க ஒரு தப்பு விடைகூட என் காதில் விழவில்லை. பிள்ளைகளாக நடித்தவர்கள் எல்லோரும் பி.எஸ்சி. முடித்தவர்கள், ஒருத்தரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள் 40 பிள்ளைகள், 40 விதமான தப்பு. என்ன செய்வது என்று தெரியாமல் என் எட்டாம் வகுப்பு வாத்தியார் செய்ததையே செய்தேன். சத்தமாக இன்னொரு தரம் சொன்னேன்.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975லேயே இதை எழுதிவிட்டார். ஆசிரியர் ஆகிறவர், தான் மாணவனாக பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஆயிரக்கணக்கான மணி நேரத்தைத்தான் முதல் பயிற்சியாக எடுத்துக்கொண்டு வருகிறார் என்கிறார். பன்னிரண்டு வருஷம் பார்த்ததை ஒன்றோ இரண்டோ வருஷத்தில் அழிக்க முடியுமா? கேள்வி கேட்ட தங்கை சொன்ன அந்த இரண்டு ஆசிரியர்களும் ஒரே மாதிரி நடத்துவதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்து வந்தவர்கள்.

14.09.2025, கொஞ்ச நேரம் கழித்து

"படைப்பாற்றல் கல்வி வந்தபோது வகுப்பே மாறியதே சார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாறியது. எல்லாப் பாடத்துக்கும் மனவரைபடம் போட வேண்டும் என்றார்கள். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் ஓரளவு பொருந்தும். நான் எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்தலுக்கு மனவரைபடம் போட வைத்தேன். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் "காரணிப்படுத்தல்", சுற்றி ஆறு கோடு. ஒரு கோட்டின் முனையில் ஒரு பையன் பூ வரைந்திருந்தான். ஏன்டா என்றேன். "இடம் காலியா இருந்துச்சு சார்."

20.09.2025

இன்றைக்குக் குறுவள மையத்தில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு யோசனை. 'எதுவும் மாற்றவில்லை' என்று நான் சொன்னது பொய். ஒன்றே ஒன்று மாற்றியது.

2012 வாக்கில் ஒரு பணிமனை, இரண்டு நாள். பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் கிட் பாக்ஸ் எதுவும் கொண்டுவரவில்லை, ப்ரொஜெக்டரும் இல்லை. பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாக வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்தார். "திருத்தாதீங்க. சிவப்பு மையை உள்ளே வையுங்க. இந்த விடை இந்தப் பிள்ளைக்கு எப்படி வந்திருக்கும் என்று மட்டும் எழுதுங்க." எனக்கு வந்த பக்கத்தில் கழித்தல் கணக்கு எட்டு. எல்லாம் தப்பு. முதலில் "கவனக்குறைவு" என்று எழுதினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "எட்டிலும் ஒரே மாதிரி கவனக்குறைவா சார்?" என்றார். மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருந்தது அந்தப் பிள்ளை. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற கணக்கே இல்லை.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் 402 − 178 போட்டேன். விடை 224. ஏழு பேர் 376 எழுதியிருந்தார்கள். எட்டிலிருந்து இரண்டு போனால் 6, ஏழிலிருந்து சைபர் போனால் 7, நான்கிலிருந்து ஒன்று போனால் 3. அதே தப்பு, என் வகுப்பிலேயே. இத்தனை வருஷம் இதன் மேல்தான் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எப்படிம்மா வந்தது என்றேன். "சின்னதுலேருந்து பெரியது போகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதான் பெரியதுலேருந்து சின்னதை எடுத்தேன்."

வாஸ்தவம். அதைச் சொன்னது நான்தான். எனக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு டீச்சரும் சொல்லியிருப்பார். இரண்டிலிருந்து எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, பக்கத்து வீட்டில் சைபர் இருந்தால் அதற்கடுத்த வீட்டில் வாங்கு. பிள்ளை பாட்டின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டது, இரண்டாவது வரியை விட்டுவிட்டது.

அதோடு விடாமல் கேட்டேன்: 402 ரூபாய் கொண்டுபோய் 178 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? அவள் அப்பாவுக்கு முக்குட்டில் பெட்டிக்கடை. விரலைக்கூட மடக்காமல், "178க்கு ரெண்டு போட்டா 180, இருபது போட்டா 200, அப்புறம் இருநூறு, அப்புறம் ரெண்டு. இருநூத்தி இருபத்தி நாலு" என்றாள். அப்படியானால் எது சரி என்றேன். அவளுக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை.

"நோட்டுல 376 சார். கடையில 224."

21.09.2025

பெட்டிக்கடைக் கதை சினிமா மாதிரி இருக்கிறது என்று ஒரு பின்னூட்டம். இருக்கட்டும். பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து 1985இல் ஓர் ஆய்வு வந்தது. வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். ரெசிஃபேயும் எங்கள் முக்குட்டும் ரொம்ப தூரமில்லை.

கடன் வாங்கிக் கழித்தல் பற்றி இன்னொன்று. போன வருஷம் ஒரு பையன் கேட்டான்: "கடன் வாங்கிட்டே இருக்கோமே, எப்ப சார் திருப்பிக் கொடுக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. இப்போது அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன். ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்துகளாக மாற்று, சில்லறை மாற்றுகிற மாதிரி என்கிறேன்.

28.09.2025

காலாண்டு விடுமுறை. இந்த இழையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், தப்பாகப் போயிற்று. என் மனைவி இடைநிலை ஆசிரியை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாம் எடுத்தவர். "ஒரே ஒரு பயிற்சிதான் மாத்துச்சாமா? அப்ப ஏபிஎல் என்னங்க?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக: செயல்வழிக் கற்றல், ஏபிஎல். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை வேராக வைத்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார்தான் முன்னின்றவர். 2007-08க்குள் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பாடம் அட்டைகளாக உடைந்தது. அட்டைகளின் வரிசைக்கு ஏணிப்படி என்றும் அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மைல்கல் என்றும் பெயர், பிள்ளையே அட்டையை எடுத்துப் படித்து அடுத்ததற்குப் போக வேண்டும். பெஞ்சு போய்ப் பாய் வந்தது, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் சுவரெல்லாம் கரும்பலகை.

நடுநிலைப் பள்ளியில் எட்டிப் பார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்: சத்தம், அட்டை தொலைவது, வாத்தியார் பாயில் உட்கார்ந்து முதுகுவலி என்பது. அவர் சொன்னது வேறு. "நீங்க பார்த்தது பாய். முப்பது பேருக்கும் நின்னு கத்த வேண்டாம்னு ஆனப்பதான், ஒரு பிள்ளை பக்கத்துல அஞ்சு நிமிஷம் உட்கார எனக்கு நேரம் கிடைச்சுது. 8ஓட 5ஐக் கூட்டச் சொன்னா சிலது ஒண்ணுலேருந்து எண்ணும், சிலது எட்டுலேருந்து எண்ணும். இது ரெண்டும் வேற வேற பிள்ளைன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். பயிற்சியில யாரும் அதைச் சொல்லலை. ஆனா உட்கார வெச்சது அவங்கதான்."

சரி. வாபஸ். பயிற்சி சொல்லிக்கொடுக்காத ஒன்றை, பயிற்சியால் மாறிய வகுப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

29.09.2025

மனைவியின் இணைப்பு: அட்டை முறை வந்த பிறகும் அவருடன் வேலை பார்த்த ஒருவர், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அட்டையைக் கொடுத்து, ஒரே நேரத்தில், தானே உரக்கப் படித்துக்கொண்டிருந்தாராம். பார்வையாளர் வந்தால் மட்டும் குழு பிரியும்.

சிரிக்க வேண்டாம், இது உலகம் முழுக்க உண்டு. டேவிட் கோஹன் என்ற கல்வி ஆய்வாளர் 1990இல் கலிஃபோர்னியாவில் ஒரு இரண்டாம் வகுப்பு டீச்சரைப் பற்றி எழுதினார். பயிற்சிக்குப் போய் வந்து, என் கணக்கு வகுப்பில் புரட்சியே நடந்துவிட்டது என்று அந்த அம்மா மனதார நம்பினார். புதுப் பொருள், புது நடவடிக்கை எல்லாம் இருந்தது. ஆனால் கேள்விக்கு விடை சரியா தப்பா என்பதோடு பேச்சு முடிந்துவிடும், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பழைய குழம்பு, புதுப் பாத்திரம்.

05.10.2025

நாளை பள்ளி. அதற்குள் ஒரு பாவமன்னிப்பு. நானும் கருத்தாளராக இருந்திருக்கிறேன்.

பின்னங்கள் பற்றிய ஒரு நாள் பயிற்சி, ஒன்றியத்தில் 38 ஆசிரியர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: 1¾ ÷ ½. விடை எல்லோருக்கும் வந்தது, 3½. தலைகீழாக்கிப் பெருக்கினார்கள், தகராறு இல்லை. அடுத்து, இந்தக் கணக்கு வருகிற மாதிரி வாழ்க்கையிலிருந்து ஒரு கதை எழுதுங்கள் என்றேன். பேனாச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. பெரும்பாலோர் எழுதியது: "ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?" அது இரண்டால் வகுப்பது. பாதியால் வகுப்பது இல்லை. பிரித்துக் கொடுத்த பால் இருந்த பாலைவிட அதிகமாக, மூன்றரை லிட்டராக எப்படி ஆகும் என்று கேட்டதும்தான் சிரிப்பு வந்தது.

ஒரு டீச்சர் பாக்கெட் பாலைக் கொண்டுவந்தார். ஒன்றே முக்கால் லிட்டரை அரை லிட்டர் பாக்கெட்டாகப் போட்டால் எத்தனை பாக்கெட்? பிரமாதம். ஆனால் பின்வரிசையில் ஒரு எம்.எஸ்சி. எழுந்தார்: "மூணு பாக்கெட் போக மீதி கால் லிட்டர். அப்ப விடை மூணேகால்தானே வரணும்? சூத்திரத்துல மூணரை வருதே?" ஹால் அமைதி. நானும் உள்ளுக்குள் ஒரு கணம் ஆடிப்போனேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. ஓரத்தில் இருந்து ஒன்றாம் வகுப்பு டீச்சர், பத்தாவதுக்கு மேல் நேரே ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன பழைய தலைமுறை, மெதுவாகச் சொன்னார்: "கால் லிட்டர்ங்கிறது அரை பாக்கெட்டுங்க."

அரை பாக்கெட். அதுதான். லிட்டரில் அளந்ததைப் பாக்கெட்டில் அளக்கிறோம்.

லிப்பிங் மா என்ற கல்வி ஆய்வாளர் இதே கணக்கை அமெரிக்காவில் 23 ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 ஆசிரியர்களிடமும் கொடுத்துப் பார்த்து 1999இல் எழுதினார். சீனாவில் 72 பேருக்கும் விடை வந்தது, பத்தில் ஒன்பது பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்காவில் 9 பேருக்குத்தான் விடையே முழுசாக வந்தது, சரியான கதை சொன்னது ஒரே ஒருவர். படிப்பு? அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்கள் ஒன்பதாம் வகுப்புக்குமேல் இரண்டு மூன்று வருஷம் ஆசிரியர் பள்ளி, அவ்வளவே. தொடக்கக் கணக்கை உட்கார்ந்து அலசுவது அவர்களுக்கு அன்றாட வேலை. எம்.எஸ்சி.யில் நாம் படித்த கணக்கு வேறு. அதில் பால் பாக்கெட் கிடையாது.

06.10.2025

திருத்தம்: 38 இல்லை, 34. வருகைப் பதிவின் ஜெராக்ஸ் அகப்பட்டது. சரியான கதை எழுதியவர்கள் 5 பேர்.

12.10.2025

"நல்ல பயிற்சி என்றால் இந்த மாதிரி பாடப்பொருளைக் கொடுத்தால் போதும், மார்க் ஏறிவிடும்" என்று ஒருவர் முடிவுக்கே வந்துவிட்டார். பொறுங்கள்.

அமெரிக்க அரசு ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு விகிதமுறு எண்களில்தான், அதாவது பின்னம், தசமம், விகிதம், சதவீதம், நல்ல செலவில் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து, 2010இலும் 2011இலும் அறிக்கை விட்டார்கள். முதல் வருஷம் ஆசிரியர்கள், மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று கேட்பது கூடியது. பிள்ளைகளின் மார்க்கில் வித்தியாசம் இல்லை. இரண்டு வருஷம் முடிந்தபோதும் இல்லை.

அதற்கு எதிராக அமெரிக்காவிலேயே விஸ்கான்சினில் 1989இல் ஒன்று. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் 40 பேர், அதில் பாதிப் பேருக்கு நான்கு வார கோடைப் பயிற்சி. இப்படித்தான் பாடம் நடத்து என்று கட்டளை போடவில்லை. கூட்டல் கழித்தல் கதைக் கணக்கைச் சின்னப் பிள்ளைகள் என்னென்ன வழியில் போடுகிறார்கள் என்பதைத்தான் முக்கியமாகக் காட்டினார்கள். அந்த ஆசிரியர்கள் வகுப்பில் பிள்ளைகள் சொல்வதை அதிகமாகக் காதுகொடுத்துக் கேட்டார்கள், பிள்ளைகள் கதைக் கணக்கில் முன்னேறினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது: வகுப்பு ஏறஏறப் பழைய விரிசலும் கூடிவிடுகிறது. ஏழாம் வகுப்பில் பின்னம் தடுமாறுகிற பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே பாக்கி இருக்கிறது. வாத்தியார் மட்டும் புதிதாகக் கேள்வி கேட்டு அதை ஒரு வருஷத்தில் அடைக்க முடியுமா? இது என் ஊகம். அந்த அறிக்கை இப்படிச் சொல்லவில்லை.

12.10.2025, இரவு

கசிவு பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி மாநிலத்தில் தொடங்கி மாவட்டம் வந்து ஒன்றியம் வருகிறது. நான் மூன்றாவது படி. மூன்று நாள் எனக்குக் கொடுத்ததை ஒரு நாளில் கொடுக்கச் சொன்னார்கள். எது மிஞ்சும்? செயல்பாடு மிஞ்சும், பேப்பர் கப் மிஞ்சும், கைதட்டல் பாட்டு கட்டாயம் மிஞ்சும். ஏன் இந்தச் செயல்பாடு என்று மேலே அரை மணி நேரம் பேசியதுதான் முதலில் கசிந்துவிடுகிறது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தது நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கீழே வரும்போது "உங்க வகுப்புல எத்தனை அரும்பு?" என்ற எண்ணிக்கைதான் பேச்சு. அந்த அரும்பு ஏன் அரும்பாகவே இருக்கிறது என்பதைப் பேச ஆள் இல்லை.

22.10.2025

தீபாவளி முடிந்தது. மழை. வாசலில் தண்ணீர் நிற்கிறது, வேறு வேலை இல்லை, கொஞ்சம் திசை மாறுகிறேன்.

முக்கால் என்ற சொல்லைப் பாருங்கள். மூன்று கால். பின்னத்தின் மேலெண்ணும் கீழெண்ணும் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியில் இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினார்கள். ஆறாம் வகுப்பில் "நான்கில் மூன்று பங்கு" என்று தொடங்குகிற நான், ஒரு நாளாவது முக்கால் என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறேனா? இல்லை. எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவும் இல்லை.

திண்ணை என்றதும் சட்டாம்பிள்ளை ஞாபகம் வருகிறான். எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வைத்தார். 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார், இங்கிலாந்தில் "மெட்ராஸ் சிஸ்டம்" என்று பரவியது. ஆக, பயிற்சியே இல்லாத ஆசிரியர்களை ஏற்றுமதி செய்த ஊர் நம்முடையது.

01.11.2025

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பற்றி இங்கே யாரும் பேசவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். பேசாமல் இருக்க முடியுமா, எங்கள் ஓய்வறையில் வேறு பேச்சே இல்லை. செப்டம்பர் 1 அன்று வந்தது. எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறவர்களில், சிறுபான்மைப் பள்ளிக்காரர்கள் தவிர, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குமேல் இருக்கிற, இன்னும் தகுதித் தேர்வு தேறாத ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும் என்றது. எனக்குப் பதினோரு வருஷம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் நடந்த முதல் தேர்வில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை என்பது எங்களுக்கெல்லாம் மறக்கவில்லை.

எனவே 49 வயதில் கைடு வாங்கியிருக்கிறேன். 150 கேள்வி: குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே எத்தனை நிலை சொன்னார் என்பதை மறுபடி மனப்பாடம் செய்கிறேன். கணக்கு எல்லாம் போட்டுவிடலாம். 376 எப்படி வந்தது என்று மட்டும் எங்கும் கேட்கவில்லை.

கைடு தேடப் போய்ப் பழைய பாடக்குறிப்பேடுகள் கிடைத்தன. அதனால் இன்னொரு திருத்தம், இது பெரியது. அந்த ஜெராக்ஸ் பணிமனை 2012 இல்லை, 2011 ஆகஸ்ட். அடுத்த திங்கட்கிழமையே வகுப்பு மாறியது என்ற தொனியில் எழுதியிருந்தேன் அல்லவா? அந்த ஒரு திங்கட்கிழமை நடந்தது நிஜம். ஆனால் குறிப்பேட்டில் அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் பழைய பல்லவிதான்: "எடுத்துக்காட்டு 1, 2, பயிற்சி 3.1, மதிப்பீடு". 2013 ஜனவரிக்குப் பிறகுதான் கடைசிப் பக்கங்களில் பென்சிலில் தப்பு விடைகள் வருகின்றன. "0.35 > 0.5, 35 பெருசாம்." "−3 − 5 = 8, ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ்ஸாம்." இப்படி.

நடுவில் என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தேன். பஸ். அந்தப் பணிமனைக்கு வந்த இன்னொரு ஆசிரியர் 2012 ஜூனில் பக்கத்து ஊருக்கு மாறுதலாகி வந்தார். தினம் 8.10 டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டு. "நேத்து ஒருத்தன் என்ன போட்டான் தெரியுமா சார்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவரிடம் சொல்ல ஒன்று வேண்டுமே என்றுதான் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகளைப் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அது அவர்களுக்குப் பள்ளி வேலையிலேயே சேர்த்தி. எங்களுக்கு 40 நிமிஷ டவுன் பஸ். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது நான் பைக்கில் போகிறேன், கடைசிப் பக்கங்களும் காலியாகிவிட்டன, இதையும் சொல்லிவிட வேண்டும்.

08.11.2025

கேள்வி கேட்ட தங்கை திரும்ப வந்திருக்கிறார். அவருக்குக் கற்பித்தல் பயிற்சியில் ஏழாம் வகுப்பு, பின்னங்கள். "துணைக்கருவிக்கு என்ன செய்யலாம், தெர்மாக்கோல் வேண்டாம் என்று புரிகிறது" என்கிறார்.

தெர்மாக்கோலும் செய்யுங்கள், ரெக்கார்டுக்கு மார்க் வேண்டுமே. கூடவே, அந்த வகுப்பு நோட்டுகளில் பத்தை வாங்கி, தப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி இங்கே போடுங்கள். பேர் வேண்டாம்.

15.11.2025

ஒன்பது வந்திருக்கிறது. ஆறு எனக்குப் பழகியவை. ¾ + ½ = 4/6 எதிர்பார்த்ததுதான், மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டுவது. எல்லா ஊரிலும் உண்டு. கீழெண்களைச் சமமாக்காமல் கூட்டக் கூடாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் என் ஏழாம் வகுப்பில் அதையே போட்டுப் பார்த்தேன். ஒருத்தி 4/6 எழுதினாள். பழைய வழக்கப்படி எப்படி வந்தது என்று கேட்டேன்.

"முதல் டெஸ்ட்ல நாலுக்கு மூணு வாங்கினேன் சார். அடுத்த டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு. மொத்தம் ஆறுக்கு நாலு. மார்க் லிஸ்ட்ல நீங்க அப்படித்தானே சார் போடுறீங்க?"

அப்படித்தான் போடுகிறேன். அவள் ரேங்க் கார்டில் என் கையெழுத்தோடு இருக்கிறது. பால் உதாரணம் சொன்னேன்: முக்கால் லிட்டரும் அரை லிட்டரும் சேர்ந்தால் ஒன்றேகால் லிட்டர், 4/6 என்றால் முக்காலைவிடவே குறைச்சல் ஆகிவிடுமே என்று. ஒப்புக்கொண்டாள். "பாலுக்கு அது சரி சார். மார்க்குக்கு இது சரி." மணி அடித்துவிட்டது.

மார்க்கில் கீழே இருக்கும் எண் வேறு, பாலில் கீழே இருக்கும் எண் வேறு என்று எனக்குத் தெரிகிறது. அதை ஏழாம் வகுப்புக்கு எந்த வாக்கியத்தில் சொல்வது என்று இரண்டு நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது இதைக் கடந்திருந்தால் எழுதுங்கள். அவளுக்குத் திங்கட்கிழமை மூன்றாவது பீரியட்.